அந்த ஒன்பது இலக்கம்

அன்பு நண்பனுக்கு,

கடிதத்தில் பாதிக்கு மேல், அமெரிக்க அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிற அந்த ஒன்பது இலக்க எண்ணைப் பற்றியே எழுதியிருக்கிறாய். மகன் உன் குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறான், "சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டுமா" என்ற கேள்விக்கு "ஆம்" போடவா என்று கேட்கிறான், நீ பொறு என்று தடுத்து வைத்திருக்கிறாய். எழுபதை நெருங்குகிற காலத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் பேரேட்டில் எதற்கு என் பெயர் என்கிறாய். எண் வாங்கினால் ஓய்வூதியத்துக்கு வரி பிடித்துவிடுவார்கள் என்று உன் வங்கி நண்பர் வேறு பயமுறுத்தியிருக்கிறார்.

மகனை "ஆம்" போடச் சொல். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வரி விவகாரம். வரிக்குள் உன்னை இழுத்து வருவது எண் இல்லை, இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கிற கிரீன் கார்டு. அந்த அட்டையோடு இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து, உலகத்தில் எந்த மூலையில் உனக்கு வருமானம் வந்தாலும் அது இவர்கள் கணக்கில் வரும். தலைமையாசிரியர் ஓய்வூதியம், வைப்புத்தொகை வட்டி, மேலத்தெரு வீட்டு வாடகை எல்லாமே சேர்த்தி. எண்ணை வாங்காமல் இருந்தால் இந்தக் கடமை போய்விடாது. அதை நிறைவேற்றத்தான் சிரமம் கூடும். வருமானமே இல்லாவிட்டாலும், இந்திய வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்றபோது வந்த பணம் வைப்பில் இருக்கும் எந்த வாத்தியாரும் இதிலிருந்து தப்ப முடியாது. அறிக்கைதான், வரி இல்லை. கொடுக்காமல் விட்டால்தான் அபராதம்.

வரி என்று பார்த்தால் உன்னைப் போன்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே வராது. 2025ஆம் ஆண்டுக்கு, 65 வயது கடந்த தம்பதி சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 34,700 டாலர் வரை நிலையான கழிவு உண்டு, அதாவது வருமானத்தில் அவ்வளவுக்கு வரியே கிடையாது. உன் ஓய்வூதியம் மாதம் 45,000 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு ஆறாயிரம் டாலர் சொச்சம்தானே வரும்? இது போதாது என்று, 2025 முதல் 2028 வரை 65 வயதானவர்களுக்குத் தலைக்கு ஆறாயிரம் டாலர் கூடுதல் கழிவும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். எண் வாங்கினால் வரி வரும் என்று சொன்ன உன் வங்கி நண்பரிடம் இதைச் சொல்.

உன் மகனும் ஒரு கணக்குப் போட்டிருப்பான். பெற்றோரைச் சார்ந்தோராகக் காட்டினால் தலைக்கு 500 டாலர் வரியில் குறையும், அதற்கும் எண் வேண்டும். ஆனால் சார்ந்தோர் என்று காட்டப்படுபவரின் வருமானம் 5,200 டாலருக்குள் இருக்க வேண்டும். இதுவும் 2025ஆம் ஆண்டுக் கணக்குதான். உன் ஓய்வூதியமே அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே உன் பெயரில் அவனுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. எனக்கு ஓய்வூதியம் இல்லாததால் என் மகளுக்குக் கிடைக்கிறது. தனியார் மில்லில் கணக்கெழுதியதில் கண்ட லாபம் இது ஒன்றுதான்!

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேஜையில் போய் உட்கார்ந்தால், "எண் வந்துவிட்டதா? 65 ஆகிவிட்டதல்லவா? இனி மாதாமாதம் அரசாங்கம் பணம் கொடுக்கும்" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். நம்பாதே. எண் என்பது வெறும் எண். அதில் பணமும் இல்லை, காப்பீடும் இல்லை. இங்கே ஓய்வூதியம் வேண்டுமென்றால் இங்கே உழைத்து 40 கிரெடிட் சேர்க்க வேண்டும். 2025இல் 1,810 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட், ஆண்டுக்கு நான்குக்கு மேல் கிடையாது. ஆக, குறைந்தது பத்து வருடம். நம் ஊரில் முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்தது இவர்கள் கணக்கில் சேராது. இரண்டு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தமே இல்லை. வறிய முதியவர்களுக்கு ஓர் உதவித்தொகை உண்டு என்பது உண்மைதான். 1996இல் கொண்டுவந்த சட்டம் அதை நம்மைப் போல் பிறகு வந்தவர்களுக்குக் குடியுரிமை அல்லது அந்த 40 கிரெடிட் என்று இறுக்கிக் கட்டிவிட்டது. பிள்ளைகளின் கிரெடிட்டைப் பெற்றோர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

அதைவிட, உன்னை வரவழைக்க மகன் ஓர் ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நீ குடிமகன் ஆகும்வரை, அல்லது 40 கிரெடிட் சேரும்வரை, அல்லது நிரந்தரமாக ஊர் திரும்பும்வரை, அல்லது உன் காலம் முடியும்வரை உன் செலவுக்கு அவன் பொறுப்பு. அந்தப் பத்திரத்தை வாங்கி ஒரு முறை படித்துப் பார். பிள்ளைகள் இதையெல்லாம் நமக்குக் காட்டுவதில்லை. அப்பா மனம் கோணுமே என்று நினைக்கிறார்கள். படித்துவிட்டு வருபவனுக்குத்தான் இந்த வீட்டில் தன் இடம் என்ன என்று தெரியும் என்பது என் எண்ணம்.

பிறகு எதற்குத்தான் எண்? மருத்துவத்துக்கு. ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகு, 65 கடந்த கிரீன் கார்டுக்காரர் மெடிகேர் என்கிற அரசாங்க முதியோர் மருத்துவக் காப்பீட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். 2025 கணக்கில் மருத்துவமனைப் பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் பகுதிக்கு 185. தம்பதிக்கு இரட்டிப்பு. தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. ஆனால் இங்கே ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்து எழுந்தவர்களைக் கேட்டால் அது மலிவு என்பார்கள். ஐந்து ஆண்டு நிறையும் மாதத்தை ஒட்டி ஏழு மாதம் அவகாசம் உண்டு. அதை விட்டால் டாக்டர் பகுதிக்கு ஆயுள் முழுக்கக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இந்த ஏழு மாதத்தைச் சுவர் நாள்காட்டியில் குறித்து வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன். இன்னொன்று, ஊருக்கு வந்திருக்கும்போது உடம்புக்கு ஏதாவது வந்தால் மெடிகேர் அங்கே பொதுவாகச் செல்லாது.

வங்கிக் கணக்கு, மாநில அடையாள அட்டை, முதல் ஐந்து ஆண்டுக்கு வாங்குகிற காப்பீடு என்று எங்கே போனாலும் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. கட்டணம் எதுவும் கிடையாது. விண்ணப்பத்திலேயே "ஆம்" போட்டுவிட்டால், வந்து இறங்கிய சுமார் மூன்று வாரத்தில் அட்டை தபாலில் வந்துவிடும். விட்டுவிட்டால் கடவுச்சீட்டையும் கிரீன் கார்டையும் எடுத்துக்கொண்டு அலுவலக வரிசையில் நிற்க வேண்டும். ஜனவரியில் நிற்க நேர்ந்தால் உன் மூட்டு என்னைத்தான் திட்டும்.

பெயர் விஷயத்தை மட்டும் இப்போதே சரி செய். உன் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று நினைக்கிறேன், நம் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அப்படியே வந்தால் விசாவில் உன் பெயர் குடும்பப் பெயராகிவிடும், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு என்று மூன்று எழுத்து வந்து குந்திக்கொள்ளும். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். என்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிற திருநெல்வேலிக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் "மிஸ்டர் ஃப்னு" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மனிதர் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வொரு பெயர் இருந்தால் ஐந்தாண்டுக்குப் பிறகு மெடிகேரில் வந்து மாட்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொள். பிறந்த தேதியும் அப்படியே. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் இங்கே சட்டம். ஆவணியில் பிறந்தேன் என்று யாரிடமும் வாயைத் திறக்காதே.

அட்டை வந்ததும் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அட்டையைப் பெட்டியில் வை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றாதே. எங்கள் தெருவில் ஓர் அம்மாளுக்குப் போன் வந்தது: "உங்கள் எண் முடக்கப்பட்டுவிட்டது, போலீஸ் வருகிறது, கடையில் பரிசு அட்டைகள் வாங்கி அதன் எண்களைப் படியுங்கள்." பாவம், செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் பேரன் பார்த்துத் தடுத்தான். இந்த எண்ணை யாரும் முடக்குவதில்லை. அப்படி ஒரு போன் வந்தால் பதில் பேசாமல் வைத்துவிடு. எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று ஒவ்வொருவர் கடன் விவரத்தையும் வைத்திருக்கிற மூன்று நிறுவனங்களில் உன் பெயரில் யாரும் கடன் வாங்க முடியாதபடி பூட்டு போட்டு வைக்கலாம், 2018 முதல் அது இலவசம். நமக்கு இங்கே கடன் வாங்கும் உத்தேசம் இல்லையே, பூட்டியே கிடக்கட்டும்.

இவ்வளவு படித்த பிறகும் "எனக்கு வேண்டாம், ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருந்துகொள்கிறேன்" என்பாயானால், யோசிக்க வேண்டியது எண்ணைப் பற்றி இல்லை, கிரீன் கார்டைப் பற்றி. பேரன் பேத்திகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குச் சுற்றுலா விசாவே போதும். அதில் வருபவர்களுக்கு இந்த எண்ணும் கிடையாது, இந்தத் தலைவலியும் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் திரும்பும்போது கேள்வி கேட்பார்கள், அனுமதி வாங்காமல் ஓராண்டு தாண்டினால் அட்டையே கையை விட்டுப் போகலாம். தோட்டத்தையும் காவிரிக்கரை நடையையும் விட்டு உன்னால் இருக்க முடியுமா என்பதை மகனிடம் வெளிப்படையாகப் பேசு. விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

இங்கே எல்லோரும் நலம். பேத்தி வயலின் கற்கிறாள். மாலை ஐந்து மணிக்கு நான் நடைக்குக் கிளம்பிவிடுகிறேன். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பத்திரிகையைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கடிதம் முழுக்க "எனக்கு, எனக்கு" என்றுதான் இருக்கிறது. உன் மனைவிக்கும் எண்ணுக்கு "ஆம்" போடச் சொன்னாயா? இங்கே வந்த பல வீடுகளில் ஐயாவுக்கு எண், கணக்கு, அட்டை எல்லாம் இருக்கிறது, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஐயா கண்ணை மூடியபின் அந்த அம்மாள் வங்கிக் கவுன்டரில் மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. அவரிடமே கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்,
எடிசன், நியூஜெர்சி