மலருக்கு, விண்ணப்பிக்கும் முன்

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பி.காம் படித்தவர்களையும் சைபர் செக்யூரிட்டி எம்.எஸ்சி-யில் சேர்த்துக்கொள்ளும் கன்வர்ஷன் கோர்ஸ் பிரிட்டனில் நிறைய இருக்கிறது, இடம் கிடைத்துவிடும். அந்த ஓராண்டு எப்படி ஓடும் என்று தெரிந்துகொண்டு போ.

மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அங்கே கணக்கு, ஆக 1,800 மணி நேரம். இதில் 60 கிரெடிட் கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்குப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் தொடங்கும் முதல் பருவம் டிசம்பரோடு சரி. நெட்வொர்க்கிங், லினக்ஸ், பைத்தான் எல்லாம் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். நெட்வொர்க் புரியாமல், அதில் வருவதையும் போவதையும் வடிகட்டும் ஃபயர்வால் புரியாது. ஃபயர்வால் புரியாமல் நடந்ததையெல்லாம் கணினி எழுதிவைக்கும் பதிவான லாக்கைப் பார்த்து எதுவும் சொல்ல வராது. வேறு பாடம் படித்து வந்தவர்கள் திணறுவது இங்கேதான்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஆறு மாதம், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கு. முதல் இரண்டு மாதம், இணையத்தில் தகவல் போய்வரும் விதிகளான டிசிபி/ஐபி மட்டும். தளத்தின் பெயரைச் சொல்லி ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி 53ஆம் போர்ட்டுக்குப் போவது, பிறகு இணைப்பைத் தொடங்க 443ஆம் போர்ட்டில் சின், சின்-அக், அக் என்று மூன்று பாக்கெட் கைமாறுவது, எல்லாவற்றையும் நெட்வொர்க்கில் போவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கண்ணால் பார். பிரவுசரில் தளத்தைத் திறந்தால் சிலசமயம் அந்த மூன்றும் சிக்காது. பல தளங்கள் டிசிபிக்குப் பதில் யுடிபி மேல் ஓடும் குவிக் முறைக்கு மாறிவிட்டன. டெர்மினலில் கர்ல் கட்டளை போட்டுப் பார், சிக்கும். லினக்ஸுக்கு ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு, இலவசம். பைத்தானில் ஒரு லாக் கோப்பைத் திறந்து, தோற்றுப்போன லாகின்களை ஐபி வாரியாக எண்ணத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருக்கட்டும். மேக்புக் ஆசை வேண்டாம்: ஆப்பிளின் சொந்த சிப் ஏஆர்எம் வகை, லேப்டாப்புக்குள் இன்னொரு கணினி போல ஓடும் பழைய பயிற்சி விர்ச்சுவல் மெஷின்கள் இன்டெல் வகைக்குச் செய்தவை, நேரடியாக ஓடாது. வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த மெட்டாஸ்பிளாய்டபிள் என்ற பயிற்சி மெஷினை, உன் லேப்டாப்புக்குள்ளேயே அடங்கும் ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்கில் மட்டும் வை. பிரிட்ஜ்டு என்று மாற்றினால் ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கும் அது எட்டும். பக்கத்து அறைக்காரியின் லேப்டாப்பை நோண்டிப் பார்க்காதே. அனுமதியில்லாமல் நுழைவது 1990ஆம் ஆண்டின் கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் சட்டப்படி குற்றம். பழகத்தான் செய்தேன் என்றால் விட மாட்டார்கள்.

உன் பி.காமை மட்டும் மூட்டை கட்டி வைத்துவிடாதே கண்ணு. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று சப்ளையர் பெயரில் மெயில் வருகிறது, அக்கவுண்ட்ஸில் நம்பிப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். இதை எந்த ஃபயர்வாலும் தடுக்காது. பில்லைப் பதிபவர் ஒருவர், பணத்தை விடுவிப்பவர் இன்னொருவர், கணக்கு எண் மாறினால் ஏற்கெனவே கைவசம் உள்ள போன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்பது: இவைதான் தடுக்கும். நீ ஆடிட்டிங்கில் படித்த இன்டர்னல் கன்ட்ரோல் இதுவேதான். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001இன் 2022 பதிப்பில் உள்ள 93 கட்டுப்பாடுகளில் தொழில்நுட்பத் தலைப்பின் கீழ் வருபவை 34தான். ஹேக்கிங் பக்கம் கணினிப் பட்டதாரிகளோடு முட்டி மோதுவதைவிட ஐடி ஆடிட், ரிஸ்க் பக்கம் போ. ஆய்வேட்டுத் தலைப்பையும் அங்கேயே எடு.

வேலை விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள். அரசு, ராணுவம் சார்ந்த வேலைகள் பலவற்றுக்கு எஸ்சி கிளியரன்ஸ், அதாவது செக்யூரிட்டி செக் என்ற அரசுப் பின்னணிச் சோதனை, வேண்டும். அதற்குப் பொதுவாக ஐந்தாண்டு அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அந்த விளம்பரங்களில் நேரத்தை விடாதே. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான், முன்பு போல இரண்டு வருடம் இல்லை. முதல் பருவத்திலேயே வேலை தேடத் தொடங்கு. முதலில் எடுக்கும் மாணவர் விசாவுக்குக் காட்டும் சேமிப்புப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும்; நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரித்துவிடுவார்கள். அந்தக் கணக்கிலிருந்து யுபிஐகூடப் போடாதே.

என்சிஎஸ்சி, அதாவது பிரிட்டன் அரசின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம், சில பட்டங்களுக்குச் சான்று தருகிறது. முழுச் சான்றா தற்காலிகச் சான்றா என்று அவர்கள் தளத்தில் சரிபார். சான்று இல்லாவிட்டால் லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று துறைக்கு எழுதிக் கேள். உன் பட்டியலில் மூன்றாவதை எடுத்துவிடு, பாட விவரத்தில் லேப் என்ற சொல்லே இல்லை. மற்றவற்றின் மாட்யூல் விவரங்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, படித்துவிட்டுப் பேசுகிறேன்.

அன்புடன்,
அம்மா