பனிச்சிறுத்தை கணக்கோட மேய்ப்பர் கணக்கும் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

2024 ஜனவரில மத்திய அரசு இந்தியால 718 பனிச்சிறுத்தை இருக்குன்னு அறிவிச்சதுல இருந்து யார் எழுதினாலும் அந்த நம்பரும் ஒரு போட்டோவும்தான் வருது. அந்த கணக்கெடுக்குற வேலை சாதாரணம் இல்லீங்க. ஒவ்வொண்ணுக்கும் உடம்புல புள்ளி வேற மாதிரி இருக்கும், கேமரால விழுந்த படத்துல அத பாத்து பாத்துதான் இது வேற அது வேறன்னு பிரிக்கணும். இதுல 477 லடாக்ல மட்டும்.

ஆனா அது நடமாடுற மலைலதான் ஆடு மாடு யாக் வச்சு பிழைக்கிற ஜனங்களும் இருக்காங்க. ராத்திரி கல்லு அடுக்கின பட்டிக்குள்ள சிறுத்தை குதிச்சிருச்சுன்னா ஒரு ஆட்டோட நிக்காது, ஆடுங்க வெளிய ஓட வழியில்லாம மெரண்டு பாயப் பாய அதுவும் அடிச்சுக்கிட்டே போகும், விடிஞ்சு பாத்தா வருஷத்து வருமானமே செத்துக் கிடக்கும். அந்த வீட்டுக்காரங்ககிட்ட போயி இது அரிய விலங்கு, கோவப்படாதீங்கன்னு எந்த வாயால சொல்றது?

லடாக்ல பட்டிக்கு மேல கம்பி வலை போட்டு கதவையும் இறுக்கமா அடைச்சு குடுத்தாங்க, செலவு ஒண்ணும் பெருசில்ல. இமாச்சல பிரதேசத்து ஸ்பிதில கிப்பர் ஊர்க்காரங்க 1990கள் கடைசிலயே மைசூர்ல இருக்குற நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கிற இயற்கை பாதுகாப்பு அமைப்போட பேசி மேய்ச்சல் நிலத்துல ஒரு பகுதிய ஆடு மாடு விடாம ஒதுக்கினாங்க, புல்லு வளந்துச்சு, சிறுத்தையோட முக்கிய இரையான நீல ஆடுங்கிற காட்டு ஆடும் பெருகுச்சு. 2002ல கால்நடை இன்சூரன்சும் ஆரம்பிச்சாங்க, பிரீமியம் கட்டுறதும் அவங்கதான், நஷ்டத்த பாத்து முடிவு பண்றதும் ஊர் கமிட்டிதான். எனக்கு இதுலயே ரொம்ப பிடிச்சது இந்த கமிட்டி விஷயம்தான், ஏன்னா யார் ஆடு நிஜமா போச்சுன்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியாதா? இப்ப அந்த ஊர் பெண்களே பனில ஏறி கேமரா வைக்கிறாங்க.

2017ல உலக அளவுல பனிச்சிறுத்தையோட அழியுற ஆபத்து நிலைய ஒரு படி குறைச்சுட்டாங்க, அத சாக்கா வச்சு நிதிய குறைச்சிரக் கூடாது. அடுத்த கணக்கெடுப்பு வரும்போது எத்தன சிறுத்தைன்னு சொல்றதோட எத்தன பட்டிக்கு வலை போட்டாச்சு, எத்தன குடும்பத்துக்கு நஷ்ட ஈடு கைக்கு வந்துச்சுன்னும் அரசு வெளியிடணும், உங்க பேப்பரும் அத கேட்டு எழுதணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்