பொங்கல் மரப்பானை: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளைகளின் பையில் ஏன் கருகிய மர வாசனை வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பயப்பட ஒன்றுமில்லை. பொங்கலுக்கு வாசலில் மாட்ட ஒரு மரப்பானை செய்கிறார்கள். 3 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டு பக்கமும் கரும்பு, பானையின் வயிற்றில் ‘பொங்கல்’ என்று, பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து. கிண்டியில் ஒரு லேசர் கடையில் வெட்டித் தருகிறார்கள். பையில் இருப்பது வீணாய்ப்போன மாதிரிகள்.

முதல் மாதிரி வந்த அன்று எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பிரெய்லில் படிக்கும் மாணவியிடம் கொடுத்தோம். இரண்டு தடவை விரலை ஓட்டிவிட்டு, “மிஸ், இது எழுத்து இல்ல, ஓட்டை” என்றாள். லேசருக்கு மரத்தை எரிக்கத்தான் தெரியும். பிரெய்ல் புள்ளியோ மேடாக இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தே “சரியா இருக்கு” என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அப்புறம் சுற்றியுள்ள மரத்தை எரித்துவிட்டுப் புள்ளியை மட்டும் விட்டுப் பார்த்தோம். சிராய் கிளம்பி விரலில் குத்தியது. கடைசியில் வழி கண்டுபிடித்தது பிள்ளைகள்தான்: 1 மில்லி ஆழத்துக்குக் குழி, அதில் பாரிமுனையில் வாங்கிய 1.5 மில்லி உருண்டை மணி. அரை மில்லி வெளியே நிற்கிறது. பிரெய்ல் புத்தகத்தில் புள்ளியின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தத் தடவை அந்த மாணவி தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, “எனக்கு ஒண்ணு வேணும்” என்பதைத் தவிர.

தமிழாசிரியருக்கு இதில் தனிக் குஷி. மெய்யெழுத்தின் புள்ளி பிரெய்லில் தலைமேல் உட்காராது, எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக (ஆறு புள்ளி வரை அடங்கும் இடம்) வந்துவிடும். ‘பொ’வில் ஒகரமும் தனிக் கட்டம். நாம் 4 எழுத்தில் எழுதும் ‘பொங்கல்’ அங்கே 7 கட்டம், 18 புள்ளி. வகுப்பில் 40 பேர். 720 மணிகளை எண்ணிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

லூயி பிரெய்ல் பிறந்த நாளான ஜனவரி 4 அன்று பள்ளியிலேயே மணி பதிக்கிறோம். பிரெய்லை அவர் உருவாக்கியது பதினைந்து வயதில் என்று சொன்னதிலிருந்து எட்டாம் வகுப்பில் கொஞ்சம் சத்தம் குறைந்திருக்கிறது. அன்று ஒரு பழைய பருத்தித் துணியும், வெட்டுக்கூலி 80 ரூபாயும் கொடுத்து அனுப்புங்கள். பணம் சிரமம் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணியை வீட்டில் ஒட்டித் தர முன்வந்த அப்பாக்களுக்கு நன்றி, வேண்டாம்.

பானை வீட்டுக்கு வந்ததும் பளபளப்புக்காக வார்னிஷ் அடிக்காதீர்கள். புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 2.5 மில்லிதான், வார்னிஷ் தேங்கினால் எழுத்து மூழ்கிவிடும். மாவிலையோடு சேர்த்து நிலைப்படிக்கு மேலே கட்டவும் வேண்டாம். கதவுக்குப் பக்கத்தில், காலிங்பெல் உயரத்தில் மாட்டுங்கள். வருகிறவர் கைக்கு எட்ட வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்