பாதத்தைத் தனியாக ஒரு படம் எடுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் போன் ஸ்கேன், அதாவது கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எலும்பைப் படம் பிடிக்கும் ஸ்கேன், எடுக்கும் டாக்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வணக்கம்.

நான் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைக்கிறவன். சர்க்கரையாலோ தொழுநோயாலோ உணர்ச்சி போன கால்கள்தான் என் கடைக்கு வருகின்றன, அளவெடுக்க உட்காரும்போதே பலர் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நீட்டிவிடுவார்கள். முழு உடம்புப் படத்தில் முதுகெலும்பும் இடுப்பும் பளிச்சென்று இருக்கும், பாதம் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. ஒரு பாதத்தில் 26 எலும்பு. இதில் எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் டாக்டர் எங்கே பாரத்தைக் குறைக்கச் சொல்வார், நான் எங்கே ரப்பரைக் குடைவேன்?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நின்றபடியே வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்தார். இடது பாதம் வீங்கி, என் உள்ளங்கைக்கே சுடுகிறது, அவருக்கோ வலியே இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. முதலில் எடுத்த ஸ்கேனில் 'பாதத்தில் கோளாறு' என்ற அளவில்தான் வந்தது, அதை நம்பி அவரும் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். அப்புறம் வேறொரு இடத்தில் பாதத்தை மட்டும் ஸ்பெக்ட் சிடி (போன் ஸ்கேனையும் சிடி ஸ்கேனையும் ஒன்றாகச் சேர்த்த முப்பரிமாணப் படம்) எடுத்தபோதுதான் கெட்டது பாத வளைவில் இருக்கும் நேவிகுலர் எலும்பு என்று பெயரோடு தெரிந்தது. அதற்குள் பாதத்தின் வளைவு இறங்கிவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். சரி, பலருக்கு அதுவே நல்லது. ஆனால் சில பேஸ்மேக்கர்காரர்களை அதில் படுக்கவைக்க முடியாது, காலில் பிளேட் போட்டிருந்தால் அந்த இடமே கலங்கிப்போகும்.

நான் கேட்பது பெரிதில்லை. கேமரா உடம்பை எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு தெளிவு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாதத்தையும் கையையும் கேமராவோடு ஒட்டிவைத்துக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுங்கள், சின்ன இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் பின்ஹோல் மூடி இருந்தால் கேமராவில் மாட்டுங்கள், ஸ்பெக்ட் சிடி இருந்தால் இன்னும் நல்லது. இன்னொரு ஊசி தேவையில்லை, ஊசியில் போட்ட டெக்னீசியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே 6 மணி நேரம் ஆகும், நோயாளி உங்கள் மேசையிலேயேதான் இருக்கிறார். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய வேலூர் இது, தொழுநோய் ஆஸ்பத்திரி உள்ள கரிகிரி பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே கைகால் படம் மங்கலாக வரக் கூடாது.

ரிப்போர்ட்டில் எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கூடுதல் படத்துக்குக் கூடுதல் காசு என்றால் நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் புரட்டிக்கொண்டு வருவார்கள்.