அப்பாவின் டயாலிசிஸ் சீட்டைப் படித்துப் பார்த்தவர்களுக்கு

வணக்கம்ங்க. நேற்று பி.எஸ்சி. கணிதம் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்தது, எல்லாத் தாளிலும் பாஸ். வீட்டில் சொல்லி முடித்த கையோடு, என் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்த உங்களுக்கு நன்றி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் குமாரபாளையம். அப்பா விசைத்தறி ஓட்டினவர். நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அதற்குக் காசு கட்டவில்லை, அந்த மட்டில் பெரிய புண்ணியம். ஆனால் இந்த நோய்க்குக் காசு போவதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியேதான். ஈரோட்டுக்குப் போகும்போது பஸ், திரும்பும்போது அப்பாவால் நிற்க முடியாது என்பதால் ஆட்டோ, கூடப் போகிற அம்மாவுக்கு அந்த மூன்று நாளும் நூல் சுற்றும் வேலை போச்சு, சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா என்ற ஒன்றே வீட்டில் இல்லாமல் போய் தறிக்காரரிடம் வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நின்றது. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் வரும் 1,000 ரூபாயில் சில மாதம் அரிசி வாங்கினோம்.

உங்களுக்கு முன்னால் இரண்டு இடத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். ஓரிடத்தில் வருமானச் சான்றிதழில் இருக்கும் தொகை அதிகம் என்றார்கள். அது அப்பா நல்லா இருந்தபோது சம்பாதித்தது. இன்னோரிடத்தில் அரியர் இருந்தால் கிடையாது என்றார்கள். எனக்கு அந்த செமஸ்டரில் இரண்டு அரியர், ஏனென்றால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அப்பாவோடு போய் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான்தான். தப்பு என்று யாரைச் சொல்ல, அவர்கள் விதி அப்படி. ஆனால் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

உங்கள் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: நோயாளியோடு துணைக்குப் போவது யார், வாரத்தில் எத்தனை நாள்? இதை யாராவது கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பதில் எழுத எனக்கு ஒரு பக்கம் பத்தவில்லை. டயாலிசிஸ் சீட்டு நகல் கேட்டீர்கள், போகும்போது எடை, வரும்போது எடை என்று அம்மா நோட்டில் குறித்து வைத்ததையும் சேர்த்து அனுப்பினேன். அப்புறம் போன் செய்த அக்கா மார்க்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, "சாப்பிட்டியா சாமி" என்றுதான் ஆரம்பித்தார். ஃபீஸைக் கல்லூரிக்கே கட்டி, பஸ்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் தனியாக என் கணக்கில் போட்டீர்கள். இரண்டு அரியரையும் அடுத்த செமஸ்டரில் முடித்துவிட்டேன்.

உங்களுக்கு என் பெயரைச் சொன்ன கணக்கு மிஸ்ஸுக்கும், தேர்வு நாட்களில் அப்பாவுக்குக் காலை ஷிப்டில் படுக்கை மாற்றிக் கொடுத்த சிஸ்டருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள்.

அப்பா இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்து வைத்த இடம் அது. தொட்டுப் பார்த்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடும். ஓடினால் நல்லது, நின்றால்தான் பயப்பட வேண்டும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்த்து "தறி ஓடுது" என்பார். இன்று இந்த மடலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, கையில் காசில்லாத நாளிலும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரத் தம்பியை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார். சரிதான். அண்ணா, உங்களுக்கும் நன்றி.