கார்பன் சந்தை: முதலில் அபராதத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவின் கார்பன் வர்த்தகத் திட்டம், அதாவது கரியமில வாயுவைக் குறைத்ததற்கான சான்றிதழை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் ஏற்பாடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அடுத்த இதழில் அதற்கு வந்த மறுப்பையும் படித்தேன். இந்தத் திட்டம் தொழிலை முடக்கிவிடும், சிமென்ட் விலை எகிறும் என்கிறார் ஒருவர். அரசுக்குப் பைசா செலவில்லாமல் புகை குறைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். இருவருமே ஐரோப்பாவில் நடப்பதுதான் இங்கேயும் வந்திருக்கிறது என்று எண்ணி எழுதியிருப்பதாகத் தெரிகிறது. நமது திட்டத்தின் கணக்கே வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடப்பது மொத்த வரம்பு முறை. எல்லா ஆலைகளும் சேர்ந்து இத்தனை டன்தான் வெளியிடலாம், ஒவ்வொரு டன்னுக்கும் கையில் ஒரு உரிமம் இருக்க வேண்டும். இங்கே மொத்த வரம்பு கிடையாது. ஒரு டன் பொருள் செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியேறலாம் என்று ஆலைக்கு ஆலை ஓர் இலக்கு வைக்கிறார்கள். அலுமினியம், சிமென்ட், காஸ்டிக் சோடா–குளோரின், காகிதம் ஆகிய நான்கு துறைகளில் 282 ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் அறிவிக்கப்பட்டன. 2023-24 அளவோடு ஒப்பிட்டு 2025-26, 2026-27 ஆகிய இரண்டு ஆண்டுகளில் குறைக்க வேண்டும். இலக்கைத் தாண்டிக் குறைத்தவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், குறைக்காதவர் அதை வாங்க வேண்டும். நாட்டிலேயே அதிகம் புகை விடும் அனல்மின் நிலையங்கள் இந்த இலக்குக்குள் வரவே இல்லை என்பதையும் கட்டுரையாளர்கள் இருவரும் சொல்லவில்லை.

சரி, சிமென்ட் விலை ஏறுமா? ஒரு டன் சிமென்ட்டுக்குச் சுமார் 600 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 20 மூட்டை. ஒரு டன் கரியமில வாயுவின் விலை 1,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால், ஐரோப்பிய முறையில் எல்லா உரிமத்தையும் காசு கொடுத்து வாங்கும் ஆலைக்கு மூட்டைக்கு 30 ரூபாய் செலவு. நம் முறையில், இலக்கைவிட 2 சதவீதம் அதிகமாக வெளியிட்ட ஆலை அந்தக் கூடுதல் 12 கிலோவுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கினால் போதும். அது டன் சிமென்ட்டுக்கு 12 ரூபாய், மூட்டைக்கு 60 பைசா. சிமென்ட் கம்பெனிகள் மூட்டைக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று ஏற்றுவதும் இறக்குவதும் வீடு கட்டுகிற எல்லோரும் பார்ப்பதுதான். இந்த 60 பைசாவைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால், காரணம் கார்பன் அல்ல.

செலவு சிறியது என்பதால் பலனும் இருக்காது என்று சொல்லிவிட முடியாது. சிமென்ட்டில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அந்தக் கல்லே வெளிவிடுவது அது. ஆகவே நிலக்கரிக்குப் பதில் வேறு எதை எரித்தாலும் ஓர் அளவுக்கு மேல் குறையாது. குறைக்க எளிய வழி, கிளிங்கரின், அதாவது சூளையில் சுட்டு வரும் கட்டிகளின், பங்கைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலையோ இரும்பு உலைக்கசடையோ கூடுதலாகச் சேர்ப்பது. பிபிசி என்ற சாம்பல் கலந்த சிமென்ட் மூட்டையில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. சான்றிதழுக்கு நல்ல விலை இருந்தால், அரியலூர்ப் பக்கத்து ஆலை ஒன்று மேட்டூரிலிருந்து சாம்பலைக் கொண்டுவரும் லாரி வாடகையைத் தாராளமாகக் கொடுக்கும். விலை இல்லாவிட்டால் கொடுக்காது. பலன் முழுக்க அந்த விலையில்தான் நிற்கிறது.

அந்த விலை நிற்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஆலைக்கு உடுமலைப் பக்கம் சில காற்றாலைகள் இருந்தன. 2011இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான ஆர்இசி சான்றிதழ்ச் சந்தை தொடங்கியபோது, ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ், குறைந்தபட்ச விலை 1,500 ரூபாய் என்றார்கள். முதலில் அதைப்போல இரண்டு மடங்கு வரை போயிற்று. சில ஆலைகள் அதை நம்பி வங்கிக் கடன் கணக்கே போட்டன. அப்புறம் விலை அந்தக் குறைந்தபட்சத்துக்கே இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மாதத்தின் கடைசிப் புதன்கிழமை சந்தை. எங்கள் விற்பனைக் கோரிக்கை போகும், பெரும்பகுதி விலை போகாமல் திரும்பி வரும். சான்றிதழின் ஆயுளை ஓராண்டிலிருந்து நீட்டிக்கொண்டே போனார்கள், ஆனால் வாங்க ஆள் வரவில்லை. வாங்கியே ஆக வேண்டிய மின் விநியோக நிறுவனங்கள் வாங்கவில்லை, வாங்காதவர்களுக்கு அபராதமும் விழவில்லை, பாக்கி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆக, குறைந்தபட்ச விலை என்ற ஒன்று இருந்தும் பயனில்லை. அந்த விலைக்கு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை.

ஃப்ரிட்ஜில் நட்சத்திர முத்திரைக்குப் பொறுப்பான பிஇஇ என்ற மத்திய அரசு அமைப்பு நடத்திய பிஏடி என்ற எரிசக்திச் சிக்கனத் திட்டத்தில் சிக்கல் வேறு விதம். 2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் 66.8 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான ஆற்றலை மிச்சப்படுத்தச் சொன்னார்கள். ஆலைகள் 86.7 லட்சம் டன் மிச்சப்படுத்தின. நல்ல செய்திதான். ஆனால் இத்தனை எளிதாகத் தாண்டக்கூடிய இலக்கு என்றால் சான்றிதழ் விற்க வருபவர் கூட்டமாகவும் வாங்க வருபவர் சிலராகவும் இருப்பார்கள். ஐரோப்பாவும் இதைப் பட்டுத்தான் கற்றது. முதல் மூன்றாண்டுகளுக்கு உரிமங்களை வாரிக் கொடுத்ததில் 2007இல் விலை கிட்டத்தட்ட சுழியத்துக்கு வந்தது. இலவசமாக வாங்கிய உரிமத்தின் சந்தை விலையை மின் கட்டணத்தில் ஏற்றி மின்நிறுவனங்கள் லாபம் பார்த்தன. பிறகுதான் மின்துறையில் ஏலம் வந்தது, உபரி உரிமங்கள் சந்தையிலிருந்து எடுத்து வைக்கப்பட்டன. 2023 பிப்ரவரியில் விலை டன்னுக்கு 100 யூரோவைத் தொட்டது.

இப்போது நம் விதிகளுக்கு வருகிறேன். இலக்கையும் எட்டாமல் சான்றிதழும் வாங்காத ஆலை, அந்த ஆண்டில் சான்றிதழ் விற்ற சராசரி விலையைப் போல இரண்டு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கேட்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் இலக்கு தளர்வாக இருந்து, சான்றிதழ் 100 ரூபாய்க்கு விற்றால், அபராதம் 200 ரூபாய். சந்தை படுத்தால் அபராதமும் கூடவே படுக்கும். எந்த நேரத்தில் அபராதம் விலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமோ, அந்த நேரத்தில் அதற்கு முதுகெலும்பு இல்லை. ஐரோப்பாவில் டன்னுக்கு 100 யூரோ என்று அபராதத்தைத் தொகையாகவே வைத்து, விலைவாசியோடு சேர்த்து உயர்த்துகிறார்கள். அதைக் கட்டிய பிறகும் விடுபட்ட உரிமத்தை வாங்கித்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் இப்படிக் கறாராக அபராதம் வசூலிப்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சூரத்தில் 2019இல் முந்நூறுக்கு மேற்பட்ட ஆலைகளை, பெரும்பாலும் ஜவுளி ஆலைகளை, குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்து, புகைத் துகளுக்கு ஒரு சந்தை நடத்தியது. புகைபோக்கியிலேயே தொடர்ந்து அளக்கும் கருவி பொருத்தினார்கள். ஆலைகள் முன்பணம் கட்டி வைத்திருந்தன, உரிமம் குறைந்தால் அதிலிருந்து பிடித்தம். சந்தைக்குள் இருந்த ஆலைகளின் துகள் வெளியீடு, வெளியே இருந்தவற்றைவிட 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது. புகையைக் குறைக்கும் செலவும் குறைந்தது. நோட்டீஸ் அனுப்பி, வழக்குப் போட்டு, வாய்தா வாங்கி அலைவதைவிட, முன்பணத்தில் கை வைப்பது மலிவான நிர்வாகம்.

ஏற்றுமதி பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவுக்குள் வரும் பொருளுக்கு, அதைச் செய்யும்போது வெளியான கரியமில வாயுவைக் கணக்கிட்டு விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் என்று தொடங்கி போல்ட், நட்டு வரை அதில் அடக்கம். உள்நாட்டிலேயே கார்பனுக்குக் காசு கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள், ஆகவே நம் சந்தை நம் ஏற்றுமதியாளரைக் காப்பாற்றும் என்று மறுப்புக் கட்டுரையாளர் எழுதியிருந்தார். கழிப்பது உண்மையில் கட்டிய காசைத்தான். மூட்டைக்கு 60 பைசா கட்டியவருக்கு 60 பைசாதான் கழியும்.

அடுத்த சுற்று இலக்குகளை வகுக்கும்போது அபராதத்துக்கு ரூபாயில் ஒரு கீழ்வரம்பு வைக்க வேண்டும். அது சந்தை விலை சரிந்தாலும் இறங்கக்கூடாது. சூரத்தைப் போல முன்பணமும் வாங்க வேண்டும். எந்த ஆலை எத்தனை சான்றிதழ் பெற்றது, எது வாங்கவில்லை, யாரிடம் எவ்வளவு வசூலானது என்ற பட்டியல் ஆலை வாரியாக வெளியாக வேண்டும். அது வெளிவரும்போது தமிழ்நாட்டு ஆலைகளின் விவரத்தை மட்டுமாவது உங்கள் இதழ் எடுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைக் கணக்கர்,
உடுமலைப்பேட்டை.