கிணற்றடியில் நின்ற ஆளைத் திருப்பிக் கொடுங்கள்

தொலைக்காட்சி நிறுவனத்தின் நிகழ்ச்சிக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எந்தத் தொடர் என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வாரம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவையே வீட்டுக்குள் உட்கார வைத்த அந்த மர்மத் தொடரைத்தான் சொல்கிறேன். போன மாதம் அதை நீங்களே இணையத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். மைத்துனர் போனில் சொன்னதும் கையில் இருந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். நேராக ஒன்பதாவது எபிசோடுக்குப் போனேன். கிணற்றடிக் காட்சி.

ஆள் இல்லை.

உங்களுக்கு நினைவிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பெண் அரிக்கேன் விளக்கோடு கொல்லைக்கு வருவாள். மின்சாரம் போயிருக்கும். விளக்கு வெளிச்சம் துவைக்கிற கல் வரைக்கும்தான் எட்டும். அதற்கு அப்பால், கிணற்றுச் சுவருக்குப் பின்னால், சுவரைவிட ஒரு பிடி கூடுதல் கருப்பாக ஒருவர் நிற்பார். முகம் தெரியாது, தோள் மட்டும் தெரியும். நான்கு விநாடி. பின்னணி இசை எதுவும் இருக்காது. அந்தத் தோளைப் பார்த்தவர்களுக்குத்தான் இருபத்திரண்டாவது வாரத்தில் கொலைகாரர் யார் என்பது புரியும். அந்த ராத்திரி என் அம்மா, "யாரு அங்க நிக்கறது?" என்று டிவியைப் பார்த்தே கத்தினார்.

நீங்கள் ஏற்றியிருக்கும் படத்தில் சுவருக்குப் பின்னால் சதுரம் சதுரமாகச் சாம்பல் நிறம் அசைகிறது, அவ்வளவுதான். தொடரின் முதல் தடயத்தையே கம்ப்யூட்டர் துடைத்துவிட்டது.

என் கோரிக்கை சிறியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் இருக்கும் மூல பீட்டாகேம் நாடாவிலிருந்து (டிவி நிலையங்கள் பயன்படுத்திய தொழில்முறை வீடியோ நாடா), ஓரம் வெட்டாமல், இருட்டை இருட்டாகவே வைத்து, தாராளமான பிட்ரேட்டில் (விநாடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) இந்தத் தொடரை வெளியிடுங்கள். டிவிடியாகவோ, தரவிறக்கமாகவோ, காசுக்கோ, எப்படியானாலும் சரி.

இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். இந்த வேலையை நானே மூன்று வருடமாகச் செய்துபார்த்துத் தோற்றிருக்கிறேன், அதுதான் தகுதி. அப்பா அந்தத் தொடரை வாரம் தவறாமல் டெக்கில், அதாவது வி.சி.ஆரில், பதிந்துவைத்தார். பதினொரு விஎச்எஸ் கேசட்டுகள். லேபிளில் அவர் கையெழுத்தில் தேதியும், "விளம்பரம் நீக்கியது" என்ற பெருமையும் இருக்கும். (வீட்டில் பதிந்தது குற்றமாயிற்றே என்று உங்கள் சட்டப் பிரிவு எழுந்து உட்கார வேண்டாம். ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்காகப் பதிந்துகொள்வது மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவே சொல்கிறது.) அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. செல்போனில் படம் பார்க்க வராது, டிவிடி பிளேயரில் தட்டைப் போட்டால் பார்ப்பார். அதனால் கேசட்டை டிவிடியாக்க உட்கார்ந்தேன்.

டெக் கிடைப்பதே பெரும்பாடு. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் நான்கு நடை நடந்து ஒரு பழைய டெக்கை வாங்கி வந்தேன். கும்பகோணத்துப் புழுக்கத்தில் மூன்று கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை. அதையெல்லாம் விடுங்கள், அது என் பாடு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருட்டைப் பற்றி. வெளிச்சத்தை 0 முதல் 255 வரை படிகளாக எண்ணும் வீடியோவில் கருப்பு என்பது 0 அல்ல, 16. வெள்ளை 235. அந்தக் கிணற்றடிக் காட்சியின் முக்கால்வாசி 16க்கும் 35க்கும் நடுவில் கிடக்கிறது. சுவருக்கும் அந்த ஆளுக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று படிதான். முதல் தடவை கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி கேப்சர் செய்தபோது கருவியின் பிரைட்னஸ் தவறாக இருந்ததால் அந்த இரண்டு படியும் 16க்குக் கீழே போய் அப்படியே வெட்டுப்பட்டுவிட்டது. எந்த வெளிச்சப் படியில் எத்தனை புள்ளி என்று காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்துப் பார்த்து, பிரைட்னஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறுபடி எடுத்தேன். தரம் இழக்காத ஹஃப்ஒய்யுவி என்ற வீடியோ வடிவத்தில், 720க்கு 576 புள்ளி, விநாடிக்கு 25 ஃபிரேம். அரை மணி எபிசோடு ஒன்றே பதினைந்து ஜிபியை நெருங்கியது. அதில் ஆள் இருந்தார். நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் டிவிடிக்கான சுருக்க முறையான எம்பெக்-2க்கு மாற்றினேன். எம்பெக் படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகக் கட்டம் கட்டி, கட்டத்துக்குள் இருக்கும் சின்ன வித்தியாசங்களைத் தள்ளிவிட்டுத்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. பட்டப்பகல் காட்சியில் அது கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் இருப்பதே சின்ன வித்தியாசங்கள்தான். ஆறு எபிசோடை 4.7 ஜிபி தட்டில் அடைத்தேன், விநாடிக்கு மூன்றரை மெகாபிட்தான். ஆள் போய்விட்டார். சரி, இரைச்சல்தானே பிட்டைத் தின்கிறது என்று கேசட்டின் புள்ளி இரைச்சலை வடிகட்டினேன். சுவர் பளிங்கு மாதிரி ஆனது, ஆள் சுத்தமாகக் காணாமல் போனார். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: அந்த நடுங்கும் புள்ளிகள்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. துடைத்தால் ஆளும் சேர்ந்து போகிறார். விட்டுவைத்தால் பிட் பத்தவில்லை.

கடைசியில் தட்டுக்கு இரண்டே எபிசோடு, விநாடிக்கு 9 மெகாபிட், டிவிடி தாங்கும் உச்சத்துக்குப் பக்கத்தில். தோள் தெரிந்தது. ஆனால் அரை விநாடிக்கு ஒரு தடவை, புது முழு ஃபிரேம் வரும்போதெல்லாம் சுவர் ஒரு மூச்சு விட்டது. அம்மா பார்த்துவிட்டு, "செவுரு ஏன்டா துடிக்குது?" என்றார். ஆளைக் கவனிக்கவில்லை.

ஏறக்குறைய முப்பது வருடம் பழைய கேசட்டோடு மல்லுக்கட்டும் எனக்கே ஒரு தோள் கிடைத்தது. மூல நாடாவைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் ஆத்திரம். 4:3 படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருக்கிறீர்கள், படத்தில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. பாட்டி பேசும் இடத்தில் பாட்டிக்கு நெற்றியே இல்லை. இருட்டாக இருக்கிறதே என்று யாரோ வெளுப்பேற்றியிருக்கிறார்கள், அதனால் கட்டங்கள் இன்னும் எடுப்பாகத் தெரிகின்றன. படத்துக்குக் கீழே ஓயாமல் ஓடும் எழுத்து வேறு. இருக்கிற பிட்டில் பெரிய பங்கை அந்த ஓட்டத்துக்குத்தான் என்கோடர் (படத்தைச் சுருக்கும் மென்பொருள்) கொடுக்கும். கொலை நடக்கும் நேரத்தில் ஆடித் தள்ளுபடி மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் கண்ணாடி போலத் தெரிகிறது. விளம்பரதாரருக்கு என் வாழ்த்துகள்.

உங்கள் ஆட்களிடம் போனில் கேட்டபோது, "சார், உங்க டிவி செட்டிங்கை மாத்திப் பாருங்க" என்றார்கள். இது உலகப் பொது பதில் போலிருக்கிறது. 2019 ஏப்ரலில் கேம் ஆஃப் த்ரோன்ஸின் இரவுப் போர் எபிசோடு ஒன்றுமே தெரியவில்லை என்று உலகமே புலம்பியபோது, அதன் ஒளிப்பதிவாளரும் பலருக்கு டிவியைச் சரியாக வைக்கத் தெரிவதில்லை என்றார். பார்க்கிறவன் கண்ணில்தான் எப்போதும் கோளாறு. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை, ஒளிபரப்பில் படத்தைச் சுருக்குவதும் காரணம் என்று ஒப்புக்கொண்டார். உங்களிடம் அந்த இரண்டாவது பாதிதான் இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் இணையத்தில் டிவிடியின் வரம்புகள் எதுவும் கிடையாது. இருட்டுப் பகுதிகளுக்குக் கூடுதல் பிட் ஒதுக்கவென்றே எக்ஸ்264 என்ற இலவச என்கோடரில் ஏக்யூ-மோட் 3 என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரே ஒரு வரி. காசு செலவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. நாடா உங்களிடம் இருக்கிறதா? இல்லை, வேறு நிகழ்ச்சியை மேலே பதிந்துவிட்டீர்களா? 1960களிலும் 70களிலும் பிபிசி தன் பழைய நாடாக்களை அப்படித்தான் அழித்தது. அவர்களுடைய டாக்டர் ஹூ என்ற அறிவியல் புனைவுத் தொடரில் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் இன்றுவரை அகப்படவில்லை. ஒலி மட்டும் முழுசாக இருக்கிறது, வீட்டில் டிவி முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்ட ரசிகர்களின் புண்ணியத்தில். நம் ஊரில் எத்தனை அப்பாக்கள் அப்படிப் பதிந்துவைத்தார்கள், எத்தனை பேர் வீட்டில் அந்தக் கேசட்டுகள் போகிப் பண்டிகையில் எரிந்தன, யாருக்குத் தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நீங்கள் அந்தத் தொடரை எடுத்ததே பெரிய காரியம். விளக்கை அள்ளிக் கொட்டி எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டிய காலத்தில், ஒரே ஒரு அரிக்கேன் விளக்கை நம்பி ஒரு காட்சியை எடுக்கத் துணிந்த ஆட்கள் உங்களிடம் இருந்தார்கள். அவர்கள் உழைப்பை நாங்கள் பார்க்கிற மாதிரி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். மூல நாடாவிலிருந்து, ஓரம் வெட்டாமல், கீழே எழுத்து ஓடாமல், இருட்டை இருட்டாகவே. தயவுசெய்து.

ஒருவேளை நாடா உங்களிடம் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என் பதினொரு கேசட்டையும் கேப்சர் செய்த ஹார்ட் டிஸ்க்கோடு நானே கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம். பதினேழாவது வாரம் மட்டும் மின்வெட்டில் முதல் ஆறு நிமிடம் கிடையாது. ஒன்பதாவது வாரக் கேசட்டைப் போடும்போது கொஞ்சம் பதமாகப் போடச் சொல்லுங்கள், கிணற்றடி வருவதற்குச் சற்று முன்னால் நாடாவில் ஒரு மடிப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து உங்கள் பழைய நேயர்